அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம்: முதல்முறை ரெசிடென்சிக்குப் போகும் கார்ட்டூனிஸ்டுக்கு

ரெசிடென்சிக்கு, அதாவது ஒரு பல்கலைக்கழகத்தில் விருந்தினராகத் தங்கி வரையவும் கற்பிக்கவும், அழைப்பு வந்ததும் பெட்டியைத் தேடாதீர்கள். முதலில் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். அங்கே இருக்கும் ஒவ்வொரு வாரத்திலும் எத்தனை மணி நேரம் உங்கள் மேசைக்கு, எத்தனை மணி நேரம் அவர்களுக்கு? இதை எழுத்தில் வாங்காமல் போகிறவர், பருவம் முடியும்போது நாற்பது கூட்டங்களில் உட்கார்ந்திருப்பார், நாலு பக்கம் வரைந்திருப்பார். ஒரு கார்ட்டூனிஸ்டைப் பல்கலைக்கழகம் கூப்பிடுவதற்கு நல்ல காரணம் ஒன்றுதான்: ஒரு கட்டம் எப்படிப் பிறக்கிறது, எத்தனை முறை அழிக்கப்படுகிறது, எங்கே தவறுகிறது என்பதை மாணவர்கள் கிட்டத்தில் இருந்து பார்க்க வேண்டும். நீங்கள் வரையாவிட்டால் அவர்களுக்குப் பார்க்க ஒன்றும் இல்லை.

எந்த வகை ரெசிடென்சி என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது வேறு வேறு. 2012-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் நடந்த இரண்டை எடுத்துக்கொள்வோம். விஸ்கான்சின்–மேடிசன் பல்கலைக்கழகத்துக்கு அமெரிக்கக் கார்ட்டூனிஸ்ட் லிண்டா பாரி வந்தார். எந்தத் துறை மாணவரும் சேரக்கூடிய வகுப்பு அது; வரையத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. அதே பருவத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இன்னொரு கார்ட்டூனிஸ்ட், அலிசன் பெக்டெல், இருந்தார். அவர் ஹிலரி ஷூட் என்ற இலக்கியப் பேராசிரியருடன் சேர்ந்து, தன்வரலாற்றுக் காமிக்ஸ் பற்றி ஒரு பாடம் நடத்தினார். முதலாவதில் ஓவியர் தனியாக வகுப்பைத் தாங்குகிறார். தயாரிப்பு, மதிப்பெண், வருகைப் பதிவு எல்லாம் அவர் தலையில். இரண்டாவதில் பல்கலைக்கழக நடைமுறை தெரிந்த ஒருவர் கூடவே இருக்கிறார். முதல்முறை போகிறவருக்கு இரண்டாவதுதான் நல்லது, கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது வகை, ஒரு வாரத்துக்குள் முடியும் வருகை: ஒரு பொது உரை, இரண்டு வகுப்புகள், ஒரு பட்டறை. இதில் உங்கள் வேலை எதுவும் நடக்காது என்று வைத்துக்கொண்டே போங்கள்.

காலண்டரையும் பாருங்கள். செமஸ்டர் முறையில் இலையுதிர் பருவம் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி டிசம்பர் நடுவில் முடியும். வசந்தப் பருவம் ஜனவரியில் தொடங்கி மே தொடக்கத்தில் முடியும். சில பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ பத்து வாரக் குவார்ட்டர் முறை. பத்து வாரத்தில் முதல் வாரம் தாள்களுக்கும் கடைசி வாரம் கண்காட்சிக்கும் போய்விடும். கையில் எட்டு வாரம்தான்.

அழைப்புக் கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும்

வார நேரக் கணக்கு முதலில். நாற்பது மணி வாரத்துக்கு நாங்கள் சொல்லும் பங்கீடு இது: 24 மணி உங்கள் சொந்த வேலைக்கு, 3 மணி வகுப்புக்கு, 3 மணி அதற்கான தயாரிப்புக்கு, 4 மணி கதவைத் திறந்துவைத்து யாரும் வந்து பார்க்கும் நேரம். மீதி 6 மணி கூட்டங்கள், விருந்துகள், கையெழுத்துகள். துறையினர் இதை அப்படியே ஏற்காவிட்டாலும் பேச்சு இங்கிருந்து தொடங்கட்டும்.

அடுத்தது பதிப்புரிமை. அமெரிக்கச் சட்டப்படி ஊழியர் தன் பணிக்குள் செய்யும் படைப்பின் உரிமை நிறுவனத்துக்குப் போகும். ரெசிடென்சி ஓவியர் ஊழியரா இல்லையா என்பது கடிதத்தின் சொற்களைப் பொறுத்துக் குழம்பும். அதனால் ஒரு தனி வரி கேளுங்கள்: ரெசிடென்சிக் காலத்தில் வரைந்தவற்றின் மூலச் சித்திரங்களும் பதிப்புரிமையும் ஓவியருக்கே, கண்காட்சிக்கும் நிகழ்ச்சி அறிவிப்புக்கும் படங்களைப் பயன்படுத்தப் பல்கலைக்கழகத்துக்கு அனுமதி உண்டு. இப்படிக் கேட்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

சுவர் ஓவியம் வரையச் சொன்னால் ஒப்பந்தத்தை இரண்டு தடவை படியுங்கள். 1990-ஆம் ஆண்டின் காட்சிக் கலைஞர் உரிமைச் சட்டம், உங்கள் ஓவியம் சிதைக்கப்படுவதைத் தடுக்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் எழுதிக் கையெழுத்துப் போட்டு அந்த உரிமையை விட்டுக்கொடுக்கவும் அதே சட்டத்தில் வழி உண்டு. அப்படி விட்டுக்கொடுக்கும் வரி ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் கிடக்கலாம்.

பணம் எந்தப் பெயரில் வருகிறது என்பதும் கடிதத்தில் தெளிவாக இருக்க வேண்டும். சம்பளம், மதிப்பூதியம், நல்கை மூன்றுக்கும் வரி வேறு. வெளிநாட்டவருக்குத் தனிப்பணிக்காகத் தரும் மதிப்பூதியத்தில் 30 விழுக்காடு பிடிப்பார்கள். ஜே விசாவில் (பரிமாற்ற விருந்தினருக்கான விசா) இருப்பவருக்கு வரும் நல்கையில் 14 விழுக்காடு. சம்பளத்துக்குப் படிநிலை வீதம். இந்தியாவில் இருந்து போகிறவருக்கு ஒரு வழி இருக்கிறது. இந்திய–அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 22-ஆம் பிரிவு, பல்கலைக்கழகத்தில் கற்பிக்கவோ ஆராயவோ வருபவரின் அந்த ஊதியத்துக்கு இரண்டு ஆண்டு வரை விலக்கு தருகிறது. கடிதத்தில் ‘கலைப்படைப்புக்கான தொகை’ என்று மட்டும் இருந்தால் இந்த விலக்கைக் கோருவது கடினம். ‘கற்பித்தல்’ என்ற சொல் உண்மையிலேயே உங்கள் பணியில் இருந்தால் அது எழுத்திலும் இருக்கட்டும். விலக்குக்கு 8233 என்ற படிவம், அதை நிரப்ப ஒரு சமூகப் பாதுகாப்பு எண் அல்லது வரி எண். முதல் பணம் வருவதற்கு முன்பே படிவம் போய்ச் சேர வேண்டும்.

விசா

ஒரு பருவம் தங்கும் ரெசிடென்சிக்கு வழக்கமாக ஜே-1. அதில் ‘குறுகிய கால அறிஞர்’ என்ற பிரிவு அதிகபட்சம் ஆறு மாதம். அதற்கு மேல் நீட்டிக்க முடியாது. ஒன்பது மாதம் அழைத்திருந்தால் வேறு பிரிவில் போட வேண்டும். இதைத் தொடக்கத்திலேயே சரிபார்க்காவிட்டால் ஐந்தாம் மாதத்தில்தான் தெரியவரும்.

வரிசை இப்படி. பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு அறிஞர் அலுவலகம், ஜே-1-க்கான தகுதிச் சான்றான டிஎஸ்-2019 படிவத்தை அனுப்பும். அதில் உள்ள எண்ணைக் கொண்டு செவிஸ் (வெளிநாட்டு மாணவர், விருந்தினர் பற்றிய அரசுப் பதிவேடு) கட்டணம் 220 டாலர் கட்டுங்கள். பிறகு டிஎஸ்-160 விண்ணப்பம், விசாக் கட்டணம் 185 டாலர், நேர்காணல். கட்டணங்கள் அவ்வப்போது மாறும். கட்டும் நாளில் தூதரகத் தளத்தில் பாருங்கள். சென்னைத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் தேதி கிடைக்கும் நிலைமை மாதத்துக்கு மாதம் மாறுவதால், வகுப்பு தொடங்க ஐந்து மாதம் இருக்கும்போதே டிஎஸ்-2019-ஐக் கேட்டுத் துளைக்கத் தொடங்குவது பாதுகாப்பு.

நேர்காணலுக்கு ஒரு சிறு தொகுப்பு கொண்டுபோகலாம், ஆனால் கேட்டால் மட்டும் எடுங்கள். ‘என்ன வேலை செய்யப் போகிறீர்கள்’ என்ற கேள்விக்கு இரண்டு வரியில் பதில் தயாராக இருக்க வேண்டும்: இன்ன பல்கலைக்கழகத்தில், இன்ன துறையின் விருந்தினராக, வாரம் ஒரு வகுப்பு நடத்தி, என் புத்தகத்தை வரைவேன். அரசியல் கார்ட்டூன் வரைபவர் அதை மறைக்கத் தேவையில்லை.

மருத்துவக் காப்பீடு ஜே-1-க்குக் கட்டாயம். ஒரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது 1,00,000 டாலர், மருத்துவக் காரணமாக ஊருக்கு அனுப்ப 50,000, உடலைத் திருப்பி அனுப்ப 25,000. நீங்கள் கையில் இருந்து கட்டும் பங்கு ஒரு முறைக்கு 500 டாலருக்கு மேல் போகக் கூடாது. ஊரில் வாங்கும் சுற்றுலாக் காப்பீடுகள் சிலவற்றில் கடைசி நிபந்தனை அடிபடும். பாலிசியை அலுவலகத்துக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கிய பிறகு பணம் கட்டுங்கள்.

ஒரு வார வருகைக்கு வணிக விசாவிலேயே மதிப்பூதியம் வாங்கலாம், ஆனால் 9-5-6 விதி உண்டு. ஒரு நிறுவனத்தில் ஒன்பது நாளுக்கு மேல் கூடாது; முந்தைய ஆறு மாதத்தில் ஐந்து நிறுவனங்களுக்கு மேல் வாங்கியிருக்கக் கூடாது. ஜே-1-இல் இருக்கும்போது பக்கத்து ஊர்க் கல்லூரி பணம் கொடுத்துப் பேச அழைத்தால், உங்கள் அலுவலகத்தின் எழுத்துபூர்வ அனுமதி முன்னதாகவே வேண்டும். நிகழ்ச்சி முடிந்த பிறகு கேட்டால் அது விசா விதி மீறல்.

பெட்டியில் என்ன வைப்பது

நிப்புகளைத் தாராளமாகக் கொண்டுபோங்கள். உங்கள் கைக்குப் பழகிய வகை அந்த ஊர்க் கடையில் இல்லாமல் போகலாம். மை பாட்டில் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். பெரிய பாட்டிலைச் சரக்குப் பெட்டியில், இரட்டை ஜிப் பையில் வையுங்கள். பாட்டில் கழுத்து வரை நிரம்பியிருந்தால் கசிவு குறைவு, ஏனென்றால் விரியும் காற்று உள்ளே குறைவாக இருக்கும். பேனாக்களைக் காலி செய்துவிடுங்கள். வெட்டுக்கத்தி சரக்குப் பெட்டியில்தான். படம் கலையாமல் காக்கும் ஃபிக்ஸேட்டிவ் ஸ்ப்ரே தீப்பற்றும் வகை என்பதால் எந்தப் பெட்டியிலும் கூடாது, அங்கேயே வாங்குங்கள்.

மூலச் சித்திரங்களில் ஆறேழு மட்டும் போதும், தட்டையான அட்டைக்கு நடுவில், கைப்பையில். அழித்த கோடும் வெள்ளை பூசிய இடமும் தெரியும் தாள்களாகப் பார்த்து எடுங்கள். சுத்தமான தாளைவிட அதில் மாணவருக்குக் கற்க அதிகம் இருக்கிறது. மற்றவை 600 டிபிஐ ஸ்கேன்களாக இரண்டு ஹார்ட் டிஸ்க்கில்.

லைட் பாக்ஸ் கொண்டுபோனால் அடாப்டரில் ‘100–240’ என்று இருக்கிறதா பாருங்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். 220-க்கு மட்டும் ஆன கருவி மங்கலாக எரியும் அல்லது எரியவே எரியாது.

காகித அளவில்தான் எல்லாரும் இடறுகிறார்கள். அங்கே ஏ4 புழக்கத்தில் இல்லை. லெட்டர் தாள் 8.5 × 11 அங்குலம், அதாவது 216 × 279 மி.மீ. நம் ஏ4 210 × 297. ஏ4-க்கு அமைத்த பக்கத்தை அங்கே அச்சுக்குக் கொடுத்தால் மேலும் கீழும் வெட்டுப்படும், அல்லது இயந்திரம் தானாகச் சுருக்கி ஓரங்களில் வெள்ளைப் பட்டை விடும். புதிய வேலையைத் தொடக்கத்திலிருந்தே லெட்டர் அல்லது அதன் இரட்டிப்பான 11 × 17 தாளுக்கு அமையுங்கள்.

முதல் பத்து நாள்

வந்தவுடன் அறிஞர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். அவர்கள் செவிஸில் உங்களை ‘வந்து சேர்ந்தார்’ என்று ஏற்றினால்தான் சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கு விண்ணப்பிக்க முடியும். அந்த எண் இல்லாமல் சம்பளப் பிரிவு நகராது. ஆக முதல் பணம் கைக்கு வர ஐந்தாறு வாரம் ஆகலாம் என்று எண்ணி, வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

வரையும் அறையைப் பார்க்கும்போது நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். கணினி மேசை வரைவதற்குத் தட்டையாக, உயரமாக இருக்கும். சாய்வுப் பலகை ஒன்று கேளுங்கள். குழாய் எவ்வளவு தூரம், தண்ணீர் எங்கே கொட்டலாம், இரவில் கட்டடம் எத்தனை மணிக்குப் பூட்டப்படும், வார விடுமுறையில் உங்கள் அட்டை கதவைத் திறக்குமா: இவற்றை முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

மேடிசன் போன்ற ஊரில் ஜனவரியில் போகிறவர் ஒன்றை எதிர்பார்க்க வேண்டும். ஹீட்டர் ஓடும் அறையில் காற்று வறண்டிருக்கும். சென்னையில் சோம்பலாகக் காயும் மை அங்கே நிப்பிலேயே காய்ந்து கோடு அறுந்துபோகும். சிறிய மூடியில் கொஞ்சம் மையை ஊற்றி, இரண்டு மூன்று சொட்டு காய்ச்சி வடித்த தண்ணீர் கலந்து பயன்படுத்துங்கள். சில நிமிடத்துக்கு ஒருமுறை நிப்பை நனைத்துத் துடையுங்கள். முழு பாட்டிலில் தண்ணீர் சேர்க்க வேண்டாம், கறுப்பு வெளுத்துவிடும்.

முதல் பட்டறை: இரண்டு மணி நேரம், இருபது பேர்

வந்திருப்பவர்களில் பாதிப் பேர் ‘எனக்கு வரைய வராது’ என்று சொல்லிக்கொண்டே உட்கார்வார்கள். லிண்டா பாரியின் மேடிசன் வகுப்புகள் கற்றுத்தரும் பெரிய பாடம், அப்படிச் சொல்கிறவர்களை நம்பி வகுப்பை அமைக்கலாம் என்பதே. வரைவதைச் சின்ன வயதிலேயே விட்டுவிட்டவரின் கோட்டில் பழகிய உத்திகள் எதுவும் ஏறியிருக்காது; அதில் ஒரு உயிர் இருக்கும். பாரி பின்னாளில் ஆராய்ச்சி மாணவர்களை நாலு வயதுக் குழந்தைகளோடு ஜோடி சேர்த்து வேலை செய்ய வைத்ததும் இந்த நம்பிக்கையில்தான்.

தேவையானவை: ஒருவருக்கு 4 × 6 அங்குலக் குறிப்பட்டை பத்து, கறுப்பு ஃபெல்ட் பேனா ஒன்று, லெட்டர் தாள் இரண்டு. பென்சிலும் ரப்பரும் வேண்டாம். ரப்பர் இருந்தால் முதல் இருபது நிமிடம் ஒரு மூக்கை அழிப்பதில் போய்விடும்.

முதல் பத்து நிமிடம் எல்லாரும் ஒரு சுருளை வரையட்டும்: நடுவில் புள்ளி வைத்து, கோடு கோட்டைத் தொடாமல், முடிந்த அளவு நெருக்கமாக. கை வேகம் குறையும், அறை அமைதியாகும். பிறகு அட்டையில் ஒரு வீட்டை இரண்டு நிமிடத்தில் வரையச் சொல்லுங்கள். அடுத்த அட்டையில் அதே வீடு ஒரு நிமிடத்தில். பிறகு முப்பது நொடி, பதினைந்து, ஐந்து. ஐந்து நொடி வீட்டைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஐந்தையும் வரிசையாக வைத்து, எது ‘வீடு’ என்று சட்டென்று சொல்கிறது என்று கேளுங்கள். நேரம் குறையக் குறைய ஓடுகளும் செங்கலும் நிழலும் உதிர்ந்து, கூரையும் கதவும் மிஞ்சும். கார்ட்டூன் என்பது என்ன என்று அரைமணி நேரம் பேசினாலும் புரியாதது இதில் புரியும்.

அடுத்தது நாள்குறிப்பு. பாரி மாணவர்களுக்குத் தினமும் கொடுக்கும் பயிற்சியின் அடிப்படை இது: நேற்று செய்தவை சில, கண்ணில் பட்டவை சில, காதில் விழுந்த ஒரு வாக்கியம், பார்த்த ஒன்றின் விரைவுப் படம். நான்கைந்து நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். ‘கண்ணில் பட்டவை’ பட்டியலில் இருந்து ஒன்றை எடுத்து நாலு கட்டமாக்கச் சொல்லுங்கள். செய்தவற்றில் இருந்து எடுத்தால் எல்லாரும் காப்பி குடித்தது, வகுப்புக்குப் போனது என்று ஒன்றையே வரைவார்கள்.

வரைந்ததைச் சுவரில் ஒட்டுங்கள். யாரும் பாராட்டக் கூடாது, குறையும் சொல்லக் கூடாது. மௌனமாக நடந்து பார்த்தால் போதும். முதல் வகுப்பில் ஒருவருக்கு ‘நன்றாக இருக்கிறது’ என்று சொன்னால், சொல்லப்படாத பத்தொன்பது பேர் அடுத்த வாரம் அவரைப் போலவே வரைவார்கள்.

மாணவர் படங்களை இணையத்தில் போடும் முன் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். 1974-ஆம் ஆண்டின் கல்விப் பதிவுத் தனியுரிமைச் சட்டம் இதில் கடுமையானது. மதிப்பெண் போட்ட படைப்பு என்றால் இன்னும் கவனம் வேண்டும்.

ஒரே தாளில் எட்டுப் பக்கப் புத்தகம்

இரண்டாவது வகுப்பிலேயே ஒவ்வொருவர் கையிலும் ஒரு புத்தகம் இருக்கட்டும். லெட்டர் தாளைக் குறுக்குவாக்கில் வைத்து, மூன்று முறை பாதியாக மடித்து விரித்தால் எட்டுக் கட்டம் கிடைக்கும், ஒவ்வொன்றும் 2.75 × 4.25 அங்குலம். இப்போது தாளின் குட்டையான இரு ஓரங்களும் சேரும்படி ஒருமுறை மடியுங்கள். மடிப்பு விளிம்பின் நடுவில் கத்தரியை வைத்து, நடுக்கோட்டின் மீது அடுத்த மடிப்பு வரை மட்டும் வெட்டுங்கள். விரித்தால் தாளின் நடுவில், இரண்டு கட்ட நீளத்துக்கு ஒரு பிளவு இருக்கும். நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளுங்கள். பிளவு வாய் திறந்து கூட்டல் குறிபோல ஆகும். அதைச் சுற்றி மடித்தால் புத்தகம்.

விரித்த தாளில் பக்க வரிசை: கீழ் வரிசையில் இடமிருந்து வலமாக 6, 7, 8, 1. மேல் வரிசையில் தலைகீழாக, இடமிருந்து வலமாக 5, 4, 3, 2. ஒன்று அட்டை, எட்டு பின்னட்டை. வழக்கமாக நடக்கும் தவறு இரண்டு. ஒன்று, மேல் வரிசையை நேராக வரைந்துவிடுவது. மடித்தால் நாலு பக்கம் தலைகீழாக நிற்கும். வரையும் முன் வெற்றுத்தாளை மடித்து, பக்க எண்ணை மட்டும் எழுதி விரித்துப் பார்த்தால் இந்தத் தொல்லை இல்லை. இரண்டாவது, ஓரம் வரை வரைவது. ஜெராக்ஸ் இயந்திரம் தாளின் விளிம்பில் ஏறத்தாழ கால் அங்குலத்தை அச்சடிக்காது. எழுத்துகளைக் கோட்டுக்கு உள்ளேயே நிறுத்துங்கள்.

இதைவிடப் பெரிய புத்தகத்துக்கு லெட்டர் தாளைப் பாதியாக மடித்து ஸ்டேப்லர் அடிக்கலாம். பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 16 பக்கத்துக்கு நாலு தாள். நடுவில் எட்டும் நீண்ட கை ஸ்டேப்லர் துறை அலுவலகத்தில் இருக்காது, நூலகத்திலோ அச்சுக்கூடத்திலோ கேளுங்கள்.

அச்சு: ரைசோகிராஃப் இருந்தால் அதிர்ஷ்டம்

நம் ஊரில் வினாத்தாள் அடிக்கும் அதே இயந்திரம் அங்கே கலைத்துறையில் விரும்பப்படும் ஒன்று. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனி உருளை, தனி மாஸ்டர் (மை இறங்கும் துளைத்தாள்). அதனால் நீலம், சிவப்பு என்று இரண்டு வண்ணம் வேண்டுமென்றால் இரண்டு தனிக் கோப்புகள் கொடுக்க வேண்டும், இரண்டுமே கறுப்பு–சாம்பலில். வண்ணக் கோப்பைக் கொடுத்தால் அது பிரித்துக்கொள்ளாது. இரண்டாவது ஓட்டத்தில் தாள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நகரும். வண்ணத்தைக் கோட்டின் ஓரத்தோடு ஒட்டி நிறுத்தினால் வெள்ளைக் கீற்று தெரியும். கோட்டுக்கு அடியில் கொஞ்சம் நுழையவிடுங்கள். பளபளப்புத் தாளில் அடிக்கக் கூடாது. அதன் மை தாளுக்குள் ஊறித்தான் நிற்கும், பளபளப்பில் ஊறாமல் கையில் ஒட்டும். அடர்ந்த கறுப்புப் பரப்பு மாதக்கணக்கில் விரலில் ஒட்டும் என்பதால் அதைக் குறைத்து வரைவது நல்லது.

தமிழ்ப் பலூன்களும் ஆங்கில வாசகரும்

உங்கள் பக்கங்களை அங்கே காட்ட ஆங்கில வடிவம் தேவைப்படும். எழுத்தை மூலச் சித்திரத்தின் மீதே எழுதியிருந்தால் ஒவ்வொரு பலூனையும் வெள்ளையடிக்க வேண்டிவரும். புதிய பக்கங்களில் எழுத்தைத் தனித் தாளில், அல்லது கணினியில் தனி அடுக்கில் வையுங்கள். தமிழ் வாக்கியம் நீளமான சொற்களால் ஆனது, பலூன் அகலமாக இருக்கும். ஆங்கிலம் போட்டால் உள்ளே காலி இடம் மிதக்கும். அதைச் சுருக்கிப் படத்தைத் திருத்துவதைவிட எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கிவிடலாம். ‘டமால்’, ‘சொத்’, ‘ணங்’ போன்ற ஒலிச்சொற்களை மாற்றாதீர்கள். அவை வரைந்த எழுத்து, படத்தின் உடல். கட்டத்துக்குக் கீழே சிறியதாக விளக்கம் போதும்.

உரைக்கான ஸ்லைடில் தமிழ் எழுத்து இருந்தால் வேறு கணினியில் ‘கொ’, ‘கோ’ போன்றவற்றின் கொம்பும் காலும் பிரிந்து, புள்ளிவட்டத்தோடு நிற்கக்கூடும். எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப் கோப்பாகக் கொண்டுபோங்கள். அடோபி மென்பொருளில் வேலை செய்தால் ‘வேர்ல்ட்–ரெடி கம்போஸர்’ என்ற அமைப்பைத் தேர்ந்த பிறகே தமிழ் சரியாகச் சேரும்.

பொது உரை

நாற்பத்தைந்து நிமிடம் பேச்சு, பதினைந்து நிமிடம் கேள்வி. முழுப் பக்கத்தைத் திரையில் போட்டால் நீங்கள் முதல் கட்டத்தைப் பேசி முடிப்பதற்குள் அவை கடைசிக் கட்டத்தைப் படித்துச் சிரித்துவிடும். கட்டம் கட்டமாக வெட்டிக் காட்டுங்கள். ஒவ்வொரு படத்தையும் வாயால் ஒரு வரி வர்ணியுங்கள். பார்வையற்ற மாணவர் அவையில் இருப்பார் என்று எண்ணிப் பேசுவது அங்கே நல்ல பழக்கம்.

அரசியல் கார்ட்டூன் காட்டுகிறவர் படத்துக்கு முன்பே, யார் யார், என்ன நடந்தது என்று ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். படத்துக்குப் பிறகு விளக்கினால் சிரிப்பு செத்துவிடும். தமிழ்க் கார்ட்டூன் வரலாற்றை அவர்களுக்குப் புரியவைக்க ஒரு நல்ல ஜோடி இருக்கிறது. 1987-இல் எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் கேலி செய்த ஒரு அட்டைப்படச் சிரிப்புக்காக, ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. எதிர்ப்பு கிளம்பி, சில நாளில் விடுவிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு, 1988-இல், ஒரு பிரமுகரைக் கேலி செய்த பத்திரிகைப் பகடி தொடர்பான வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஒருமனதாகப் பத்திரிகையின் பக்கம் நின்றது. தீர்ப்பில் அந்நாட்டு அரசியல் கார்ட்டூன்களின் நீண்ட மரபை நீதிபதிகள் எடுத்துக்காட்டினார்கள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் கேள்வி நேரம் தானாக நிரம்பும்.

நூலகத்துக்கு ஒரு நாளாவது ஒதுக்குங்கள்

கொலம்பஸ் நகரில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பில்லி அயர்லாந்து கார்ட்டூன் நூலகத்தில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மூலச் சித்திரங்கள் உள்ளன. மில்டன் கேனிஃப் என்ற அமெரிக்கக் காமிக்ஸ் ஓவியர் கொடுத்த தொகுப்பில் இருந்து 1977-இல் தொடங்கியது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் காமிக்ஸ் சேகரிப்பும் மிகப் பெரியது. பார்க்க வேண்டிய பெயர்களை முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். தாள்களைக் கிடங்கில் இருந்து எடுத்துவர நேரம் ஆகும். வாசிப்பறையில் பென்சில் மட்டுமே அனுமதி. பழைய மூலச் சித்திரத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தால் நீலப் பென்சில் கோடும் ஒட்டிய திருத்தத் துண்டும் தெரியும். அச்சில் பார்த்த எதிலும் இது கிடைக்காது. உங்கள் வகுப்பையும் கூட்டிப்போக முடிந்தால் போங்கள்.

கிளம்பும் முன்

கண்காட்சியை இறுதித் தேர்வு வாரத்தில் வைக்க வேண்டாம், யாரும் வரமாட்டார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்னதாக வையுங்கள். முடிந்த பக்கங்களோடு தம்ப்நெயில்களையும் ரஃப்களையும் தொங்கவிடுங்கள். மாணவர் செய்த குட்டிப் புத்தகங்களில் ஒவ்வொரு பிரதியை நூலகத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். பல நூலகங்கள் இதை மகிழ்ச்சியோடு வாங்கிப் பட்டியலில் ஏற்றும். இருபது வயதில் தன் பெயரை நூலகப் பட்டியலில் பார்க்கும் மாணவர் வரைவதை எளிதில் விடமாட்டார்.

டிஎஸ்-2019-இல் உள்ள முடிவுத் தேதிக்குப் பின் கிளம்ப முப்பது நாள் அவகாசம் உண்டு. அந்த நாட்களில் வேலை செய்யக் கூடாது. வங்கிக் கணக்கை உடனே மூட வேண்டாம். வரித் திரும்பப்பெறும் தொகை வந்தால் அதற்கு ஒரு இடம் வேண்டும். சம்பளச் சீட்டு டபிள்யூ-2 ஜனவரி முடிவிலும், வரிவிலக்கும் நல்கையும் காட்டும் 1042-எஸ் மார்ச் 15-க்குள்ளும் வரும். அவை வந்து சேர ஊர் முகவரியைச் சம்பளப் பிரிவில் மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். சம்பளம் வாங்கியவர் வெளிநாட்டவர் வரிக் கணக்கான 1040-என்ஆர் படிவத்தை ஏப்ரல் 15-க்குள் அனுப்ப வேண்டும், கூடவே தங்கிய நாட்களைக் காட்டும் 8843 படிவமும்.